கார்டிசாலுக்கு மாத்திரை வேண்டாம். இரவுக்கு ஓர் ஆள் வேண்டும்

வாசகி ஒருவர் ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 46. அப்பாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்துவிட்டது. இவர் வேலைக்குப் போகும் பகல் நேரத்தில் மட்டும் பார்த்துக்கொள்ள ஒருவர் வருகிறார். மற்ற நேரமெல்லாம் இவர் ஒருவர்தான். படுக்கைப் புண் வந்துவிடக் கூடாது என்று இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கிறார். ஐந்து மாதங்களுக்கு முன் இவருக்குத் தொப்புள் குடலிறக்கத்துக்காக அறுவைச் சிகிச்சை நடந்தது. நான்காம் நாள் வீடு திரும்பியவர், அன்றைக்கே அப்பாவைத் தூக்கி உட்காரவைத்திருக்கிறார். ஒன்பதாம் நாள் தையல் பிரிந்து சீழ் பிடித்தது. காயம் முழுதாக மூட ஏழு வாரங்கள் ஆயின. அதற்குப் பின் மாதம் தவறாமல் சளி, இருமல். உதட்டோரத்தில் அடிக்கடி கொப்புளம். ஆஸ்துமா உண்டு, கடந்த ஓராண்டில் மூன்று முறை பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட நேர்ந்தது. கருப்பையில் நார்க்கட்டி இருப்பதால் மாதவிடாயில் உதிரப்போக்கு மிக அதிகம். அதற்கு ஹார்மோன் மாத்திரை எடுக்கிறார். இரண்டு மாதத்தில் கருப்பையை அகற்ற நாள் குறித்திருக்கிறார்கள்.

"நீ கவலைப்பட்டுக் கவலைப்பட்டே நோயை வரவழைத்துக்கொள்கிறாய்" என்கிறாராம் அண்ணன். இவரும் மன அழுத்த ஹார்மோன்கள் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்று படித்துவிட்டு, அவற்றில் ஒன்றான கார்டிசாலுக்குத் தானாகவே பரிசோதனை செய்துகொண்டார். காலை 8 மணி அளவு 21. அதைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி களைத்துவிட்டது என்று முடிவுகட்டி, அதற்கென விற்கும் மாத்திரையை வாங்க இருக்கிறார். இன்ஹேலரிலும் கார்டிசாலைப் போன்ற ஸ்டீராய்டு இருக்கிறதே என்று மூன்று வாரங்களாக அதை நிறுத்தியும்விட்டார். கடிதத்தின் கடைசி வரி: "என் உடம்பே எனக்கு எதிராகத் திரும்பிவிட்டதா, டாக்டர்?"

அன்புச் சகோதரிக்கு,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. இன்ஹேலரை இன்றைக்கே மீண்டும் தொடங்குங்கள். இந்த வாரத்துக்குள் உங்கள் ஆஸ்துமா மருத்துவரைப் பார்த்து, மூன்று வாரம் நிறுத்தியிருந்ததைச் சொல்லுங்கள். இடையில் மூச்சு இரைத்துப் பேச முடியாமல் போனால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

எதிர்ப்புச் சக்தியைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்துத்தான் நிறுத்தினீர்கள். ஆனால் கணக்கு தலைகீழாகிறது. இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கில் இருக்கிறது. வழக்கமான அளவில் அதன் வேலை பெரும்பாலும் மூச்சுக்குழாயோடு முடிந்துவிடுகிறது. பிரெட்னிசோலோன் மாத்திரை மில்லிகிராம் கணக்கு. அது உடல் முழுதும் போகிறது. நம் உடல் ஒரு நாளில் சுரக்கும் கார்டிசாலுக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் சமம். ஆஸ்துமா முற்றிய நேரத்தில் 40 மில்லிகிராம் கொடுத்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டால், எட்டு நாள் சுரப்பை ஒரே நாளில் விழுங்கியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் அது தேவைதான். உங்கள் மூச்சைக் காத்தது அதுதான். அந்த நிலை மறுபடி வராமல் தடுப்பது இன்ஹேலர். அதை விட்டால் நான்காவது முறை மாத்திரை சாப்பிட நேரலாம். பயன்படுத்திய பின் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், வாய்ப்புண் வருவது குறையும்.

மாதம் தவறாத சளி என்று நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு பகுதி சளியே இல்லாமல் கட்டுக்குள் வராத ஆஸ்துமாவாக இருக்கலாம் என்றும் எனக்குத் தோன்றுகிறது. ஓராண்டில் மூன்று முறை மாத்திரை வரை போனதே அதற்கு அறிகுறி.

கார்டிசால் என்ன செய்கிறது

நீங்கள் படித்ததில் உண்மை இருக்கிறது. அரைகுறையாகச் சொல்லப்பட்ட உண்மை.

ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் சில நொடிகளில் அட்ரினலின் பாய்கிறது. மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ், அதன் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, சிறுநீரகங்களின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் என்று கட்டளை கைமாறி, சில நிமிடங்களில் கார்டிசால் ஏறுகிறது. இந்தத் தொடக்க நேரத்தில் எதிர்ப்புச் சக்தி குறைவதே இல்லை. மண்ணீரலிலும் இரத்தக்குழாய்ச் சுவர்களிலும் ஒதுங்கியிருந்த வெள்ளணுக்கள் இரத்தத்துக்குள் இறங்குகின்றன. பிறகு அவற்றில் ஒரு பகுதி தோல் போன்ற இடங்களுக்கு நகர்கின்றன. அடிபடப் போகிறோம் என்று உடல் முன்கூட்டியே செய்துகொள்ளும் ஏற்பாடு அது.

கார்டிசாலின் நீண்ட கால வேலை கடிவாளம் போன்றது. கிருமியோ காயமோ வந்தால் உடல் அழற்சியை மூட்டுகிறது. அது எல்லை மீறினால் நம் திசுவையே அழிக்கும். மீறாமல் இழுத்துப் பிடிப்பது கார்டிசால். 1948இல் முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் இருந்த ஒரு பெண்ணுக்கு அமெரிக்க மருத்துவர் ஃபிலிப் ஹென்ச்சும் உடன் பணியாற்றியவர்களும் கார்டிசாலின் நெருங்கிய உறவான கார்டிசோனைக் கொடுத்தபோது, சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். அட்ரினல் ஹார்மோன்கள் பற்றிய ஆய்வுக்காக ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. 2020இல் கொரோனாவால் செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களுக்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த டெக்ஸாமெத்தசோன் கொடுத்தபோது, இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாத நோயாளிகளுக்கு அதே மருந்தால் பயன் இல்லை. இழுக்க வேண்டிய நேரத்தில் இழுத்தால்தான் கடிவாளம் உயிர் காக்கும்.

காயத்தின் கதையும் அதுதான். வெட்டுப்பட்ட முதல் சில நாள்கள் அழற்சி தேவை. அங்குள்ள செல்கள் இன்டர்லூகின் போன்ற வேதிப்பொருள்களை வெளியிட்டு வெள்ளணுக்களை அழைக்கின்றன. அவை வந்து அழுக்கையும் கிருமியையும் அகற்றிய பிறகே புதுத் திசு கட்டும் செல்கள் வேலையைத் தொடங்க முடியும். கார்டிசால் எந்நேரமும் உயர்ந்திருந்தால் அந்த அழைப்பே மெலிந்துவிடுகிறது. குதிரை கிளம்பும் முன்பே கடிவாளத்தை இழுத்ததுபோல.

ஆனால் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் இழுத்துக்கொண்டே இருந்தால் குதிரையின் வாய் மரத்துப்போகும். வெள்ளணுக்களுக்கும் அப்படி நேர்கிறது: கார்டிசால் இருக்கிறது, செல்கள் அதன் சொல்லைக் கேட்பதில்லை. ஷெல்டன் கோஹன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட கால அழுத்தத்தில் இருந்தவர்களிடம் இந்த மரத்துப்போதல் தெரிந்தது. அப்படிப்பட்டவர்களுக்கே வைரஸ் கொடுத்ததும் சளி அதிகமாகப் பிடித்தது. மூக்கொழுகல், தொண்டை வீக்கம் எல்லாம் பெரும்பாலும் நம் உடல் மூட்டும் அழற்சியால் வருபவை என்பதால், கடிவாளம் நழுவினால் சளித் தொல்லை கூடுவது இயல்பே. எனவே இதை 'கார்டிசால் கூடினால் எதிர்ப்புச் சக்தி குறையும்' என்ற ஒற்றை வரியில் அடக்க முடியாது.

உங்கள் ஏழு வாரத்தில் அழுத்தத்தின் பங்கு எவ்வளவு

உங்களைப் போன்றவர்களை வைத்தே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. 1995இல் ஜேனிஸ் கீகோல்ட் கிளேசர் குழுவினர், மறதிநோய் கண்ட உறவினரைக் கவனித்துக்கொண்டிருந்த 13 பெண்களையும், அதே வயதும் வருமானமும் கொண்ட, அந்தச் சுமை இல்லாத 13 பெண்களையும் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரின் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறு தோல்துண்டை எடுத்துவிட்டு, காயம் ஆறும் நாளை எண்ணினார்கள். சுமை இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39.3 நாள். கவனித்துக்கொண்டிருந்தவர்களுக்கு 48.7 நாள். அப்பாவைப் பார்த்துக்கொள்வதன் களைப்பு உங்கள் தோல் வரை இறங்குகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. அது உங்கள் கற்பனை என்று இனி யாரும் சொல்ல விடாதீர்கள்.

அதே எண்களை இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள். வித்தியாசம் ஒன்பது நாள். காயங்கள் ஆறின, தாமதமாக ஆறின. 1991இல் 394 பேரின் மூக்கில் சளி வைரஸ் கலந்த சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தபோது, அழுத்தம் மிகக் குறைந்தவர்களில் 27 விழுக்காட்டினருக்கும், மிக அதிகம் உள்ளவர்களில் 47 விழுக்காட்டினருக்கும் சளி பிடித்தது. மிகுந்த அழுத்தத்தில் இருந்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பிடிக்கவில்லை. அழுத்தம் தராசை ஒரு பக்கம் சாய்க்கிறது. அதன் தட்டில் வேறு எடைகளும் சேர்ந்தால்தான் தையல் பிரியும்.

உங்கள் கடிதத்திலேயே அந்த எடைகள் கிடக்கின்றன. நீங்கள்தான் போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். 'நாலாம் நாளே அப்பாவைத் தூக்கி உட்காரவைத்தேன்' என்ற வரியைப் படித்தபோது கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை. வயிற்றுச் சுவரைத் தைத்த நான்காம் நாளில் அந்தத் தையல் மட்டுமே காயத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். உங்கள் சொந்தத் திசு அப்போதுதான் வேலையைத் தொடங்குகிறது. அதன்மேல் ஒரு முழு மனிதரின் எடையை ஏற்றியிருக்கிறீர்கள். ஆஸ்துமா இருமல் ஒவ்வொன்றும் அதே தையலை உள்ளிருந்து இழுத்திருக்கும். உதிரப்போக்கால் இரத்தசோகை இருந்திருக்கலாம். காயத்துக்கு ஆக்சிஜன் போய்ச் சேர வேண்டுமே. பிரெட்னிசோலோன் சாப்பிட்ட நாள்களில் சர்க்கரை ஏறியிருக்கலாம். கடிதத்தில் சர்க்கரை பார்த்ததாக ஒரு வார்த்தைகூட இல்லை. 'மன அழுத்தம்' என்று பெயர் வைத்துவிட்டதால் இவற்றை யாரும் தேடவில்லை. அதுதான் எனக்குக் கவலை.

அந்த 21 என்ற எண்

காலையில் கார்டிசால் உச்சத்தில் இருக்கும். நள்ளிரவை ஒட்டி அடித்தளத்துக்கு இறங்கும். பல ஆய்வகங்களின் காலை வரம்புக்குள் உங்கள் 21 அடங்கும். அறிக்கையில் மாலைக்கென்று தனி வரிசை இருக்கும். அதனோடு ஒப்பிட்டுப் பயந்துவிட்டீர்களோ என்று நினைக்கிறேன். உதிரப்போக்குக்காக நீங்கள் எடுக்கும் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருந்தால், இரத்தத்தில் கார்டிசாலைச் சுமக்கும் புரதம் கூடி, மொத்த அளவு உயர்ந்தே காட்டும். மன அழுத்தத்தை அளக்க இந்தப் பரிசோதனை உதவாது. இதை மறுபடி செய்து பணத்தை வீணாக்காதீர்கள்.

கார்டிசால் கூடிவிட்டது என்றும் சுரப்பி களைத்துவிட்டது என்றும் ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். களைத்த சுரப்பி அதிகமாகச் சுரக்காது அல்லவா? 'அட்ரினல் களைப்பு' என்ற நோயை ஹார்மோன் சிறப்பு மருத்துவர்களின் அமைப்புகள் ஏற்பதில்லை. சுரப்பி உண்மையாகவே பழுதடையும் அடிசன் நோய் இருக்கிறது. அதில் கார்டிசால் குறைந்து, எடையும் இரத்த அழுத்தமும் இறங்கி, தோல் கறுக்கும். கார்டிசால் அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோயும் இருக்கிறது. அகன்ற ஊதா நிறக் கோடுகள் வயிற்றில் தோன்றும், லேசாகத் தட்டினாலும் தோல் கன்றிப்போகும், குந்தி உட்கார்ந்தால் எழ முடியாது. இவற்றில் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கான பரிசோதனைகள் வேறு.

அந்த மாத்திரையை வாங்கவே வாங்காதீர்கள். அட்ரினலுக்கு வலு தரும் என்று விற்கப்பட்ட 12 தயாரிப்புகளைச் சோதித்து 2018இல் வெளியான ஆய்வில், பன்னிரண்டிலும் தைராய்டு ஹார்மோன் இருந்தது; பாதிக்கு மேற்பட்டவற்றில் ஏதோ ஒரு ஸ்டீராய்டு ஹார்மோனும் இருந்தது. எதற்குப் பயந்து இன்ஹேலரை நிறுத்தினீர்களோ, அதையே அளவு தெரியாமல் விழுங்க நேரலாம்.

இரண்டாவது அறுவைச் சிகிச்சைக்குப் போகலாமா

போகலாம், ஆனால் போன முறை போன மாதிரிப் போகக் கூடாது. அவசரச் சிகிச்சை இல்லை என்பதால் கையில் இருக்கும் இரண்டு மாதம் பெரிய வரம். காலவரையின்றித் தள்ளிப்போடுவதையும் நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு மாதப் போக்கும் உங்களை இன்னும் வெளுக்கச் செய்யும். அறுவை மருத்துவரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு: கருப்பையை எடுப்பது ஒன்றுதான் வழியா? எடுப்பதானால் சிறு துளைகள் வழியாகச் செய்ய முடியுமா? பதில் நிறைவாக இல்லையென்றால் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேளுங்கள்.

இப்போதே பார்க்க வேண்டியவை: ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, சர்க்கரை. உதிரப்போக்கும் இரும்புக் குறையும் இருக்கும்போது மூன்று மாதச் சராசரி காட்டும் சர்க்கரைப் பரிசோதனை ஏமாற்றக்கூடும். அதனால் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் தனித்தனியே பாருங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. இரும்பு மருந்தை இன்று தொடங்கினால் இரண்டு மாதத்தில் நல்ல வித்தியாசம் தெரியும். மாத்திரை போதாவிட்டால் ஊசி வழியாகவும் ஏற்றலாம்.

மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை: மூன்று முறை பிரெட்னிசோலோன் எடுத்தது, எந்தத் தேதியில், எத்தனை நாள், எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு அதிகம் வந்தால் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். அறுவையின்போது தேவைப்படும் அளவுக்கு அதனால் சுரக்க முடியாமல் போகலாம். தேவையென்றால் அவர்கள் ஹைட்ரோகார்டிசோன் கொடுத்து ஈடுசெய்வார்கள். உதிரப்போக்குக்கு ஹார்மோன் மாத்திரை எடுப்பதையும் சொல்லுங்கள். அதில் ஈஸ்ட்ரோஜன் இருந்தால், இரத்தம் உறைவதோடு அதற்குத் தொடர்பு உண்டு.

உதட்டுக் கொப்புளம் பெரும்பாலும் ஹெர்பீஸ் வைரஸால் வருவது. சிறு வயதில் நுழைந்து நரம்பு முடிச்சில் பதுங்கியிருந்து, உடல் தளரும்போது தலைகாட்டும். இதற்காகப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். அடிக்கடி வந்தால் மாத்திரை இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர் என்பதால் ஃபுளூ தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

இரவுகள்

பல ஆய்வுகளைப் படித்த பின் எனக்கு மிஞ்சிய நம்பிக்கை ஒன்று: தூக்கத்துக்கு ஈடாக எந்த மாத்திரையும் இல்லை. 164 பேருக்கு மணிக்கட்டுக் கருவி கட்டித் தூக்கத்தை அளந்து, பிறகு சளி வைரஸ் கொடுத்துப் பார்த்தார்கள். இரவில் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிடக் கணிசமாக அதிகமாகச் சளி பிடித்தது. 2015இல் வெளியான ஆய்வு இது. நீங்களோ இரண்டு ஆண்டுகளாகத் தொடர்ந்து மூன்று மணி நேரம்கூடத் தூங்கியதில்லை. கண்ணை மூடித் தியானம் செய்யுங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வேண்டியது வாரத்தில் மூன்று இரவாவது அப்பாவைப் புரட்ட இன்னொரு கை. காற்று மெத்தை போட்டால் புரட்டும் இடைவெளியை நீட்ட முடியுமா என்று அப்பாவின் மருத்துவரிடம் கேளுங்கள். தோலைப் பார்த்துவிட்டு அவர் முடிவு சொல்வார்.

அறுவைக்குப் பின் ஆறு வாரத்துக்கு நீங்கள் அப்பாவைத் தூக்கவே கூடாது. ஒருமுறைகூட. அந்த ஆறு வாரத்துக்கு யார் என்று பெயரும் தேதியும் எழுதிய அட்டவணை இல்லாமல் மருத்துவமனையில் சேர ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுக்கு வந்த பின் காய்ச்சல், காயத்தைச் சுற்றிப் பரவும் சிவப்பு, சீழ், குறைய வேண்டிய வலி கூடுவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மனத்தில் இருப்பதை எழுதுவதும் உதவக்கூடும். 64 வயதும் அதற்கு மேலும் ஆன 49 பேரில் ஒரு பகுதியினரை, தங்களை வாட்டிய நிகழ்ச்சி ஒன்றைப் பற்றித் தொடர்ந்து மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம் எழுதச் சொன்னார்கள். பிறகு தோலில் சிறு காயம் செய்து பார்த்தபோது, சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிட இவர்களுக்கு விரைவாக ஆறியது. 2013இல் வெளியான சிறிய ஆய்வுதான். ஆனால் எனக்கு எழுதிய ஏழு பக்கமும் உங்களுக்குக் கொஞ்சமாவது நன்மை செய்திருக்கும் என்று நம்ப ஆசைப்படுகிறேன். அழுகையும் வெறுமையும் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் நீடித்தால், அதற்கும் சிகிச்சை உண்டு; மனநல மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் அண்ணனுக்குச் சில வரிகள். இதை அவரிடம் காட்டுங்கள். ஐயா, உங்கள் தங்கையின் காயம் கவலையால் பிரியவில்லை. உங்கள் இருவருக்கும் பொதுவான தந்தையை, தையல் போட்ட நான்காம் நாள் தனியாளாகத் தூக்கினார். கவலையை விடு என்று சொல்வதைவிட, ஒரு வாரம் நீங்கள் வந்து அந்த அறையில் படுத்துப் பாருங்கள். செவ்வாய், வியாழன், சனி இரவுகளை நீங்கள் எடுத்துக்கொள்ள முடியுமா? முடியாதென்றால் இரவுக்கு ஆள் வைக்கும் செலவை ஏற்க முடியுமா? அவரது அடுத்த காயம் ஒழுங்காக ஆறுவதில் உங்கள் பதிலுக்குப் பங்கு உண்டு.

சகோதரி, உங்கள் உடம்பு உங்களுக்கு எதிராகத் திரும்பவில்லை. மாதாமாதம் இரத்தம் இழந்துகொண்டே, தூக்கமில்லாமல், இருமிக்கொண்டே, பாரம் தூக்கிக்கொண்டே ஏழு வாரத்தில் அந்தக் காயத்தை அது மூடிவிட்டது. இன்ஹேலர், நான்கு பரிசோதனைகள், அண்ணனோடு பேச்சு என்ற வரிசையில் தொடங்குங்கள். முடிவுகள் வந்ததும் எழுதுங்கள். அறுவைத் தேதிக்கு முன் இன்னொரு முறை நாம் பேசிக்கொள்ளலாம்.